சீருடைச் சட்டமும் பிள்ளைகளின் மனமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

ஆடை என்பது வல்ல நாயன் மனிதனுக்கு இறக்கியருளிய நிஃமத்துகளில் ஒன்று. அது மானத்தை மறைக்கிறது, அழகையும் தருகிறது என்று திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம் 26-ஆவது வசனத்தில் நமக்கு நினைவூட்டுகிறான். இவ்விரண்டையும் சொன்ன கையோடு, தக்வா என்னும் ஆடையே இவற்றையெல்லாம் விட மேலானது என்ற கருத்தையும் அங்கேயே சேர்த்து வைத்திருக்கிறான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று நம்மிடம் கேட்பவர்கள் பலர். விடை சொல்லப் புகுமுன், சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையின்போது வேப்பந்தட்டையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். அந்த வேளையில் பள்ளிவாசலில் ஆள் இருப்பதில்லை. பருத்திக் காட்டுக்கும் வெங்காயக் காட்டுக்கும் போகிறவர்கள் போயிருப்பார்கள். கடைக்காரர்கள் கடையில் இருப்பார்கள். நாம் கிதாபை எடுத்துக்கொண்டு வெளிப்பள்ளிக்கு வந்தபோது, ஹவுளின் ஓரத்தில் ஒரு சிறுவன் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தான். மாலையில் நம்மிடம் ஓத வருகிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். தகப்பனார் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர். கடன்பட்டாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்று, இப்பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்.

விசாரித்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைக்கு மட்டும் வேறு நிறச் சீருடை. மற்ற நாட்களுக்கு இவனிடம் இரண்டு செட் உண்டு. புதன்கிழமை நிறத்தில் ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை மாலை அம்மா அதைத் துவைத்துப் போட்டிருக்கிறார். விடிய விடிய மழை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டும் ஈரம் போகவில்லை. வேறு வழியின்றி மற்ற நாட்களின் சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அதாவது பிள்ளை சீருடையோடுதான் போயிருக்கிறான், கிழமைதான் தவறிப்போனது. வரிசையிலிருந்து தனியே பிரித்து, வகுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் நழுவி வந்துவிட்டான்.

"வெளிய நிக்க வெக்கமா இருந்துச்சு ஹஜரத். வீட்டுக்குப் போனா அத்தா அடிப்பாங்க" என்றான்.

நமக்குக் கோபம் வந்தது. "இது என்ன அநியாயம்! ஒரு சட்டைக்காகவா பிள்ளையைப் பாடத்திலிருந்து நிறுத்துவது? வா, நாம் வந்து பேசுகிறோம்" என்று எழுந்தோம். அவன் நம்மை நிமிர்ந்து பார்த்து, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், "தொப்பி இல்லாம வந்தா நீங்களும் திருப்பி அனுப்புவீங்கள்ல ஹஜரத்" என்றான்.

உண்மைதான். முந்தைய மாதம் அவனையே அனுப்பியிருந்தோம். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை மரியாதையாகவே பேசினார்கள். "ஒரு பிள்ளைக்கு விட்டால் நாளை எல்லோரும் கேட்பார்கள், பிறகு சீருடை என்பதே இருக்காது" என்றார்கள். அந்தச் சொல்லை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நாமும் மக்தபில் அதையே அல்லவா சொல்லி வந்தோம்? ஆகவே இந்த விஷயத்தைக் கிதாபுகளின் வெளிச்சத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவதாக, எல்லோரும் ஒரே விதமாக உடுத்துவது மார்க்கத்துக்கு அந்நியமான ஒன்றல்ல. ஹஜ்ஜுக்குப் போகிற ஆண் அரசனானாலும் ஆண்டியானாலும் தையலில்லாத இரண்டு துணிகளில்தான் இஹ்ராம் கட்டுகிறான். அரஃபா மைதானத்தில் யார் பணக்காரன், யார் கடன்காரன் என்று கண்டுபிடிக்க முடியாது. அடுத்தவர் கண்ணைப் பறிக்க வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்று உடுத்துகிற பகட்டான உடையை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருப்பதை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய கிதாபுகளில் காண்கிறோம். வகுப்பறையில் சீருடை செய்ய வேண்டிய வேலையும் இதுதான். சபுராளியின் மகனும் கூலிக்காரரின் மகனும் ஒரே பலகையில் உட்காரும்போது சட்டையால் வித்தியாசம் தெரியக்கூடாது. வி.களத்தூர், லெப்பைக்குடிகாடு போன்ற நம் பக்கத்து ஊர்களில், வளைகுடாப் பணம் வரும் வீடும் வராத வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சீருடை வேண்டியதில்லை என்று வாதாடுகிறவர்கள், அது இல்லாத ஒரு பெருநாள் மறுநாளில் வகுப்பறை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சீருடை பிறந்த கதையே ஏழைகளின் கதைதான். இங்கிலாந்தில் 1552-ஆம் ஆண்டு ஆறாம் எட்வர்டு மன்னரின் காலத்தில் லண்டன் நகரின் அநாதைப் பிள்ளைகளுக்காகவும் ஏழைப் பிள்ளைகளுக்காகவும் ஏற்பட்ட 'கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' என்னும் பள்ளியில் நீல நிற நீண்ட அங்கி கொடுத்தார்கள். பள்ளிச் சீருடையின் மூதாதை என்று பலரும் காட்டுவது அதைத்தான். நம் தமிழகத்தில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பணமும் பொருளும் திரட்டிப் பிள்ளைகளுக்குச் சீருடை எடுத்துக் கொடுத்தார்கள். 1985-ஆம் ஆண்டு முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்கத் தொடங்கியது. 2012-13 கல்வியாண்டிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் என்று அது உயர்ந்தது. அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். அந்த வகையில் அது பல ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. இலங்கையிலும் 1993 முதல் அரசு மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது.

ஏழைக்குக் கொடுத்து வந்த பொருள், ஏழை கடன் வாங்கி வாங்குகிற பொருளாக மாறிப்போனது தனியார் பள்ளிக்கூடங்களில்தான். கிழமைக்கொரு நிறம், விளையாட்டுக்கு ஒன்று, கறுப்புப் பூட்ஸ், வெள்ளைப் பூட்ஸ், அதுவும் இன்ன கடையில்தான் என்றால், வித்தியாசத்தை மறைக்க வந்த சீருடையே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பள்ளிக்கூட வளாகத்திலேயே சீருடை விற்கக் கூடாது என்று மத்திய கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. 2017-இல் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. இங்கிலாந்தில் சீருடைச் செலவைக் குறைப்பதற்கென்றே 2021-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சீருடை தொடங்கிய நாட்டுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது!

அடுத்து, சீருடைச் சட்டத்துக்குக் கட்டுப்படுவது நம்மேல் கடமையா? பிள்ளையைச் சேர்க்கும்போது விதிகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஏவுகிறது. முஸ்லிம்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி நடப்பவர்கள். ஹராமை ஹலாலாக்குகிற, ஹலாலை ஹராமாக்குகிற நிபந்தனை மட்டுமே இதற்கு விலக்கு என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் வந்திருக்கிறது. எனவே, "அது அவங்க சட்டம், நமக்கென்ன" என்று சொல்லிப் பிள்ளையைக் கண்டபடி அனுப்புவது தீன்தாரி அல்ல. மார்க்கத்துக்கு முரண்படாத வரையில் அந்த விதியைப் பேணுவது வாக்கைப் பேணுவதாகும். கழுத்தில் கட்டுகிற டையை வைத்துச் சிலர் பெரிய மஸ்அலா எழுப்புகிறார்கள். அது துணி, சீருடையின் ஒரு பகுதி. அதற்காக மல்லுக்கட்டுவதை விட, அந்தப் பிள்ளை ளுஹர் தொழுதானா என்று விசாரிக்கலாம்.

மார்க்கத்துக்கு முரண்படுவது எது என்பதில்தான் நம் வீடுகளில் குழப்பம். 'துர்ருல் முக்தார்' முதலிய ஹனபி ஃபிக்ஹு கிதாபுகளில் சொல்லப்படுவதன் சாரம் இது: மிகச் சிறிய குழந்தைக்கு அவ்ரத்து என்ற சட்டமே இல்லை. வளர வளர அந்தச் சட்டம் கனத்துக்கொண்டே வரும். பத்து வயதை எட்டிய பிறகு, மறைக்கும் விஷயத்தில் பெரியவர்களைப் போலவே கருத வேண்டும். பாலிகாகும் வரை பாவப் பதிவு இல்லை என்றாலும், பழக்கப்படுத்தும் பொறுப்பு தாய் தகப்பன்மேல் இருக்கிறது. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்ற நபிமொழியும் பழக்கத்தைக் கருதித்தானே!

ஆனால் நம்மவர்கள் செய்வதோ தலைகீழாக இருக்கிறது. எல்.கே.ஜி. படிக்கிற நான்கு வயதுச் சிறுமிக்குக் கறுப்பு அங்கியை மாட்டிவிட்டு, "கழற்றச் சொன்ன டீச்சர் யார்?" என்று சண்டைக்குப் போகிறோம். ஷரீஅத் அந்தக் குழந்தைமேல் சுமத்தாததை நாம் சுமத்துகிறோம். அதே வீட்டில் பதிமூன்று வயதுப் பையன் முழங்கால் தெரியும் டவுசரோடு விளையாட்டு வகுப்புக்குப் போவதையோ, சீருடைப் பேண்டை இடுப்புக்குக் கீழே இறக்கித் தைக்கக் கொடுப்பதையோ யாரும் கண்டுகொள்வதில்லை. ஆணின் அவ்ரத்து தொப்புளுக்குக் கீழிருந்து தொடங்குகிறது. ஹனபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். அந்தப் பேண்டோடு ஜும்ஆவுக்கு வந்து ஸுஜூது செய்யும்போது சட்டை மேலேறிப் பின்புறம் வெளியே தெரிகிறதே, அந்தத் தொழுகையின் கதி என்ன? ஷாபிஈ மத்ஹபில் மறைக்க வேண்டியதில் சிறிதளவு திறந்திருந்து, உடனே மறைக்காவிட்டாலும் தொழுகை முறிந்துவிடும். ஹனபி மத்ஹபில் ஓர் உறுப்பின் கால் பங்கு, ஒரு ருக்னு நிறைவேற்றும் நேரத்துக்குத் திறந்திருந்தால் முறிந்துவிடும். தாய்மார்கள் தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போதே இதைக் கவனித்துவிட்டால் வேலை முடிந்தது.

பருவமடைந்த பெண்பிள்ளையின் விஷயம் வேறு. அந்நூர் அத்தியாயம் 31-ஆவது வசனத்தையும் அல்அஹ்ஸாபு அத்தியாயம் 59-ஆவது வசனத்தையும் ஆதாரமாகக் கொண்டு, அந்நிய ஆண்கள் முன்னிலையில் தலைமுடியை மறைப்பது கட்டாயம் என்பதில் நான்கு மத்ஹபுடைய இமாம்களிடமும் கருத்து வேறுபாடு இல்லை. நம் தமிழகத்தில் பல பள்ளிக்கூடங்களில் சீருடையின் நிறத்திலோ வெள்ளையிலோ தலைத்துணி போட்டுக்கொண்டு நம் பெண்கள் படிக்கிறார்கள். ஒரு சங்கடமும் இல்லை. இலங்கையில் முஸ்லிம் மாணவிகள் வெள்ளை நீள அங்கியும் காற்சட்டையும் தலைத்துணியும் அணிந்து பள்ளிக்கூடம் போவது நெடுநாள் வழக்கம். சீருடை ஒருபோதும் தலைத்துணிக்கு எதிரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை போதும்.

எதிரியாக ஆக்கப்பட்டதையும் கண்டோம். 2021-ஆம் ஆண்டு இறுதியில் கர்நாடகத்தில், உடுப்பி அரசு மகளிர் புகுமுகக் கல்லூரியில் தலைத்துணி அணிந்த மாணவிகள் வகுப்பில் அனுமதிக்கப்படவில்லை. 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி அம்மாநில அரசு சீருடையைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. பிரச்சினை மாநிலமெங்கும் பரவிற்று. பூட்டிய கேட்டுக்கு வெளியே புத்தகங்களோடு நின்ற பெண்பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். மார்ச் 15-ஆம் தேதி கர்நாடக உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், தலைத்துணி இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று சொல்லி அரசாணையை நிலைநிறுத்தினார்கள். நீதிமன்றத்துக்குரிய மரியாதையோடே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது: ஃபிக்ஹு கிதாபுகளைக் கரைத்துக் குடித்த உலமாக்களிடம் ஃபர்ளு என்று இருப்பது, அந்தத் தீர்ப்பில் வேறு விதமாக அளக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா ஒரு விதமாகவும் நீதிபதி சுதான்ஷு துலியா வேறு விதமாகவும் தீர்ப்பளிக்க, வழக்கு பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நீதிபதி துலியா பெண்பிள்ளையின் படிப்பையே முதன்மையாக வைத்து, தலைத்துணிக்காக அவளை வாசலில் நிறுத்துவதால் அவள் வாழ்வு மேம்படுகிறதா என்ற கேள்வியை எழுப்பினார். அது மார்க்க அறிஞர்களும் பள்ளி நிர்வாகிகளும் ஒருங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மனம் வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2016-இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் முழுக்கை ஆடையும் தலைத்துணியும் கூடாது என்ற விதி வந்தபோது, கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழி சொல்லிற்று: அவ்விதம் அணிபவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வந்து சோதனைக்கு உட்படட்டும், பிறகு அந்த ஆடையிலேயே தேர்வு எழுதட்டும். காப்பியடிப்பதைத் தடுக்கும் நோக்கமும் கெடவில்லை. பிள்ளையின் மானமும் போகவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லூட்டன் நகரில் 'டென்பி ஹைஸ்கூல்' என்ற பள்ளி இருக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த பள்ளி. பெற்றோரையும் பள்ளிவாசல்களையும் கலந்தாலோசித்து, சல்வார் கமீஸையும் தலைத்துணியையும் சீருடையிலேயே சேர்த்திருந்தார்கள். ஒரு மாணவி அது போதாது, தரை தொடும் ஜில்பாப்தான் வேண்டும் என்று 2002-இல் பள்ளியை விட்டு நின்றார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2006-இல் பள்ளிக்கே சாதகமாக முடிந்தது. இடையில் அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் படிப்பு வீணாயிற்று. மறைக்க வேண்டியதை மறைக்கிற ஆடை கிடைத்த பிறகு, இன்ன பெயருள்ள, இன்ன தையலுள்ள ஆடைதான் என்று அடம்பிடிப்பதை ஃபிக்ஹு கேட்கவில்லை. கடுமை பள்ளி நிர்வாகத்தில் மட்டும் பிறப்பதில்லை. நம் வீட்டுக் கூடத்திலும் பிறக்கிறது.

தலைத்துணியை ஏற்காத பள்ளிக்கூடம் வாய்த்துவிட்டால் என்ன செய்வது? பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவது முதல் வழியல்ல. தலைத்துணியைக் கழற்றி வைத்துவிடு என்று இலேசாகச் சொல்வதும் வழியல்ல. ஜமாஅத் பெரியவர்கள் நான்கு பேர் நிர்வாகத்தைப் பார்த்து, சீருடை நிறத்திலேயே, முகம் தெரியும்படி, அடக்கமான தலைத்துணி என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஊர்வலமும் போஸ்டரும் போகிற இடத்தில் இந்தப் பணிவு வேலை செய்யாது. மறுத்தால் வேறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். சேர்க்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் நடு ஆண்டில் அலைய வேண்டாம்.

இனி, கடுமையின் எல்லை என்ன என்ற கேள்விக்கு வருவோம். "ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்களே!"

இஹ்ராம் உடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் புனிதமான சீருடை உலகில் இல்லை. அங்கேயே, இடுப்புத் துணி கிடைக்காதவர் காற்சட்டை அணியலாம், செருப்பு கிடைக்காதவர் காலுறை அணியலாம் என்ற சலுகையை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் வாயிலாக புகாரியில் காண்கிறோம். விவரங்களில் இமாம்கள் வேறுபட்டாலும் சலுகையின் அடிப்படை அங்கே இருக்கிறது. இல்லாதவனுக்கு வழி விட்டதால் இஹ்ராம் அழிந்துபோகவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

மஸ்ஜிதுன் நபவீயின் தொடக்க நாட்களைப் பாருங்கள். ஸஹாபாப் பெருமக்கள் பலரிடம் முழு ஆடை இல்லை. சிறு பிள்ளைகளைப் போல் வேட்டியைக் கழுத்தில் முடிந்துகொண்டு தொழுதார்கள். ஸுஜூதில் அந்தக் குட்டைத் துணி என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஆடை சரியில்லாதவர்கள் வெளியே நில்லுங்கள்" என்று அறிவிப்பு வந்ததா? இல்லை. ஆண்கள் எழுந்து நேராக அமரும் வரை தலையை உயர்த்த வேண்டாம் என்று பின்வரிசைப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது. ஸஹ்லு இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொழுகையின் ஓர் ஒழுங்கையே ஏழையின் துணிக்குத் தக்கவாறு தாமதப்படுத்தினார்கள். ஏழையை ஸஃப்பிலிருந்து அகற்றவில்லை.

இன்னொரு நாள், பகலின் தொடக்கத்தில் முளர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம் மதீனாவுக்கு வந்தது. காலில் செருப்பில்லை, நடுவில் கிழித்துத் தலையில் மாட்டிக்கொண்ட கம்பளித் துணிதான் மேனியில். அவர்களைக் கண்டதும் நாயகத்தின் திருமுகம் மாறிவிட்டது. வந்தவர்கள்மேல் கோபத்தினால் அல்ல. உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லப் பணித்துத் தொழுவித்தார்கள். பிறகு மக்களை நோக்கி, இருப்பதிலிருந்து கொடுக்கும்படி பேசினார்கள். அன்ஸாரிகளில் ஒருவர் கை தாங்க முடியாத கனத்தில் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வந்தார்கள். உணவு ஒரு குவியல், துணி ஒரு குவியல் என்று சேர்ந்ததைக் கண்ட பிறகே அந்தத் திருமுகம் பொன்போல் மின்னியதாக ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சொல்வது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தகுந்த உடையில்லாமல் ஒருவர் வாசலுக்கு வந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றியே ஒரு செய்தி புகாரியில் உண்டு. அம்ரு இப்னு ஸலமா (ரலி) அவர்கள் அப்போது ஆறேழு வயதுச் சிறுவர். வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே குர்ஆனை நிறைய மனனம் செய்திருந்ததால், அவருடைய கூட்டத்தார் அவரையே இமாமாக நிறுத்தினார்கள். உடம்பில் ஒரு குட்டைப் போர்வை. ஸுஜூதுக்குப் போனால் அது மேலேறிவிடும். ஒரு பெண்மணி, உங்கள் ஓதுபவரின் பின்புறத்தை மறைக்க மாட்டீர்களா என்று கேட்டுவிட்டார். குறை கண்டவர்கள் பிள்ளையை இமாமத்திலிருந்து இறக்கவில்லை. துணி வாங்கினார்கள், சட்டை வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் போல் எதுவும் தம்மை மகிழ்வித்ததில்லை என்று அவர் வளர்ந்த பிறகும் நினைவுகூர்கிறார். சிறு பிள்ளையின் தொழுகைத் தலைமை பற்றிய மஸ்அலாவில் ஷாபிஈ இமாமவர்களின் மத்ஹபினர் இந்த ஹதீஸை ஆதாரமாக எடுப்பார்கள். ஹனபிகள் ஃபர்ளுத் தொழுகையில் அதை ஏற்பதில்லை. அந்த விவாதத்தை ஓதும்போதெல்லாம் நாம் சட்டையைத் தாண்டிப் போய்விடுவோம். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு தாண்டிப் போக முடியவில்லை.

பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறைகூடச் சீ என்று சொன்னதில்லை. தொழுகையில் குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் மனத்தைக் கருதி ஓதுவதைச் சுருக்கிக்கொள்வார்கள். சட்டத்தைக் கொண்டுவந்தவர்களே குழந்தைக்காகச் சட்டத்தின் நீளத்தைக் குறைத்தார்கள் என்றால், புதன்கிழமைச் சட்டையின் நிறம் எம்மாத்திரம்? நாட்டுச் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடுத்திருக்கிறது. எல்லோர் கண்ணிலும் படும்படி வகுப்புக்கு வெளியே நிறுத்துவது மன வதை அல்லாமல் வேறென்ன?

ஆகவே நம் கருத்து இது. சீருடை இருக்கட்டும், அதை ஒழுங்காக அணியும்படி பிள்ளைகளை நாமே வற்புறுத்துவோம். ஆனால் சீருடை குறைந்ததற்காகப் பிள்ளை ஒரு பாடத்தைக்கூட இழக்கக் கூடாது. வேண்டுமென்றே விதி மீறுகிற பெரிய பையனை அழைத்துக் கேட்கலாம், பெற்றோரிடம் சொல்லலாம். துணி காயாத பிள்ளையிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்க வேண்டியது தகப்பனாரிடம். அதுவும் தனியாக, மாற்றுச் செட் வாங்க முடியாத நிலையில் இருக்கிறாரா என்று.

மக்தபில் உஸ்தாதுமார்களாகிய நாம் இதை முதலில் நம் மேலேயே நடத்திக் காட்ட வேண்டும். தொப்பி நம் முன்னோரின் அதபு. அதைப் பேணுவது நல்லது. சோம்பலால் வெறுந்தலையோடு தொழுவதை ஹனபி ஃபுகஹாக்கள் மக்ரூஹ் என்கிறார்கள். ஆனால் தொப்பியை மறந்துவிட்ட ஒன்பது வயதுப் பிள்ளையை, குர்ஆன் ஓத வந்த இடத்திலிருந்து திருப்பி அனுப்ப எந்தக் கிதாபு நமக்கு அனுமதி தந்தது? அன்று மாலையே சன்னலோரம் ஒரு பெட்டியில் பன்னிரண்டு தொப்பிகளை வாங்கி வைத்தோம். இல்லாத பிள்ளை எடுத்துப் போட்டுக்கொள்கிறான், ஓதி முடிந்ததும் வைத்துவிட்டுப் போகிறான். பயந்தபடி எல்லோரும் தொப்பியை விட்டுவிட்டு வரவில்லை. இரண்டு தொப்பிகள் பெட்டிக்குத் திரும்பவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்குமுன் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு கணக்கு எடுத்தால் போதும்: எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், மாற்றுச் செட் இருக்கிறதா, சென்ற ஆண்டுச் சட்டை அளவு பற்றுகிறதா என்று. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் நல்ல சீருடைகளைத் துவைத்துத் தேய்த்து, பெயர் தெரியாமல் மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். வாங்குகிற பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் வகுப்பில், "அது என் பழைய சட்டை" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒருவரை ஒருவர் பரிகசிப்பதைத் தடுக்கிற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இது தகுந்த சமயம்.

இதற்கு ஜகாத் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையின் பிள்ளைக்குக் கொடுக்கலாம். வசதியுள்ள தகப்பனாரின் சிறு பிள்ளைக்குக் கொடுத்தால் நிறைவேறாது. பிள்ளையிடம் பணம் இல்லை என்பது காரணமாகாது. ஹனபி மத்ஹபின்படி, ஜகாத் பணத்தில் துணி எடுத்துத் தைத்துக் கொடுக்கலாம்; ஆனால் அது அந்தப் பிள்ளைக்கோ அவன் தகப்பனாருக்கோ சொந்தமாகும்படி கையில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆண்டு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று இரவலாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. பள்ளிக்கூடத்துக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டு வருவதும் அப்படியே. ஷாபிஈ மத்ஹபினர் பணத்தையே தகுதியுள்ளவரிடம் கொடுத்து, அவரையே வாங்கிக்கொள்ளச் செய்வது பேணுதலானது. தையல் கூலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். துணி மட்டும் வாங்கிக் கொடுத்தால், தைக்கக் காசில்லாமல் அது பெட்டியிலேயே கிடந்துவிடுகிறது. அதே வகுப்பில் படிக்கிற மாற்றுமதத்து ஏழைப் பிள்ளைக்கு ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது. ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மழையில் அவன் சட்டையும்தான் காயாமல் கிடக்கிறது. வல்லாஹு அஃலம்.